ஆளுக்கொரு கண்ணாடி: வீட்டுக்கு வந்து திரும்பிப் போன 3டி டிவி

ஒரு சின்ன சோதனையோடு ஆரம்பிக்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு முன்னால் போகும், இல்லை பின்னால் போகும். காதில் நுழைய மட்டும் மாட்டேன் என்கும். இரண்டு கண்ணையும் திறந்தால் வேலை சட்டென்று முடிந்துவிடும்.

இந்த வித்தியாசத்தை ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' துண்டுகளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையாலேயே தைக்கும் பெண்கள் அங்கே ஏராளம். ஊசி எந்த ஓட்டையில் இறங்குகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதெல்லாம் கண் கொடுக்கும் கணக்கு. டேனரியில் தோலை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துத் தரம் பிரிப்பவரும் இதே கணக்கை வைத்துத்தான் பிழைக்கிறார்.

இரண்டு கண்ணின் இந்தக் கணக்கை ஒரு பெட்டிக்குள் அடைத்து வீட்டுக்கு விற்க முடியுமா? சுமார் 170 வருடமாக மனிதர்கள் முயற்சி செய்திருக்கிறார்கள். அதில் கடைசிப் பெரிய முயற்சி 2010-ல் கடைக்கு வந்த 3டி டிவி. ஏழே வருடத்தில் அது மறைந்தும் போனது. "தொழில்நுட்பம் சரியில்லை", "விலை ஜாஸ்தி" என்று பொதுவாகக் காரணம் சொல்வார்கள். இரண்டும் பாதி உண்மைதான். மீதி பாதி தெரிய வேண்டுமென்றால், நம்ம ஊர் வீடுகளில் டிவியை எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு கண், இரண்டு படம்

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் ஆறரை செ.மீ. இடைவெளி இருக்கிறது. அதனால் ஒரே பொருளை இரண்டு கண்ணும் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. மூளை அந்த இரண்டு படத்தையும் சேர்த்து, எது கிட்டே, எது தூரம் என்று கண்டுபிடித்துவிடுகிறது. இதைத் தெளிவாக விளக்கியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன். வருடம் 1838. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் என்று தனித்தனியாகக் காட்டும் 'ஸ்டீரியோஸ்கோப்' என்ற கருவியையும் அவர் செய்து காட்டினார். புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அதாவது போட்டோ பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பே 3டி பிறந்துவிட்டது!

பிறகு டேவிட் ப்ரூஸ்டர் என்பவர் கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்னப் பெட்டியாக அதை மாற்றினார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் விக்டோரியா மகாராணி அதைப் பார்த்து ரசிக்க, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. 1854-ல் தொடங்கிய லண்டன் ஸ்டீரியோஸ்கோபிக் கம்பெனி "ஸ்டீரியோஸ்கோப் இல்லாத வீடே இருக்கக் கூடாது" என்பதையே விளம்பர வாசகமாக வைத்துக்கொண்டது. வீட்டில் உட்கார்ந்தபடியே உலகத்தை ஆழத்தோடு பார்க்கலாம் என்ற ஆசை அவ்வளவு பழசு.

அந்த ஆசையில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1857-58ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி பக்கமெல்லாம் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார். அவற்றில் ஸ்டீரியோ படங்களும் இருந்தன. நம் கோயில்கள் 3டி-யில் பதிவாகி 160 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பிறகு 1939-ல் அமெரிக்காவில் 'வியூ மாஸ்டர்' வந்தது. வட்டமான அட்டையைச் சொருகி, விசையை அழுத்த அழுத்தப் படம் மாறும் பொம்மை. 80களில் வளர்ந்த பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அதோடு சேர்த்து இன்னொன்றும் ஞாபகம் வரும்: "டேய், எனக்குக் கொடுடா!" என்ற சண்டை. ஸ்டீரியோஸ்கோப் ஆகட்டும், வியூ மாஸ்டர் ஆகட்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். பக்கத்தில் இருப்பவர் முறைக்குக் காத்திருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

டிவிக்குப் பயந்து வந்த 3டி

தொலைக்காட்சியைச் செய்து காட்டிய ஜான் லோகி பெயர்டு, 1928-லேயே லண்டனில் 3டி டிவியையும் சோதித்துக் காட்டினார். ஆனால் 3டி முதலில் பெரிய அளவில் போய்ச் சேர்ந்த இடம் சினிமா தியேட்டர். காரணம் வேடிக்கையானது. 1950களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் தியேட்டர்களில் கூட்டம் குறைந்தது. வீட்டில் கிடைக்காத எதையாவது காட்டி ஜனங்களை இழுக்க வேண்டும். 1952 நவம்பரில் வந்த 'ப்வானா டெவில்' என்ற 3டி படம் ஓடு ஓடென்று ஓட, எல்லாரும் 3டி எடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அந்த மோகம் அடங்கிவிட்டது.

ஆக, டிவியிடமிருந்து தப்பிக்கச் சினிமா கையில் எடுத்த ஆயுதம் 3டி. அறுபது வருடம் கழித்து அதே ஆயுதத்தை டிவிக்காரர்கள் எடுத்தார்கள் என்பதுதான் கதையின் திருப்பம்.

இந்தியாவுக்கு 3டி வந்தது 1984 ஆகஸ்டில். நவோதயா அப்பச்சன் தயாரித்து, அவர் மகன் ஜிஜோ இயக்கிய மலையாளப் படம் 'மை டியர் குட்டிச்சாத்தான்'. மொழி தாண்டி நாடு முழுக்க ஓடியது. அடுத்த வருடமே தமிழில் விஜயகாந்த் நடிக்க, ஆர். தியாகராஜன் இயக்கத்தில் 'அன்னை பூமி' 3டி-யாக வந்தது.

குட்டிச்சாத்தான் ஓடிய காலத்தில் ஒரு வதந்தி கிளம்பியது. ஒருவர் போட்ட கண்ணாடியை அடுத்த காட்சியில் இன்னொருவர் போடுவதால் கண் வலி, அதாவது நம்ம 'மெட்ராஸ் ஐ', தொற்றிக்கொள்ளும் என்று. தயாரிப்பாளர் என்ன செய்தார் தெரியுமா? பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ஜிதேந்திரா, ரஜினிகாந்த், சிரஞ்சீவி ஆகியோரை அவரவர் மொழியில் பேச வைத்து ஒரு துண்டுப் படம் எடுத்தார். ஒவ்வொரு கண்ணாடியும் சுத்தம் செய்யப்பட்ட பிறகே தரப்படுகிறது என்று அவர்கள் சொல்வது, படம் தொடங்கும் முன் திரையிடப்பட்டது. ஒரு கண்ணாடிக்காக இத்தனை நட்சத்திரங்கள்!

இதில் கவனிக்க வேண்டியது, 3டி-யின் தலைவலி ஆரம்பத்திலிருந்தே படத்தில் இல்லை, கண்ணாடியில்தான் இருந்தது. ஆனாலும் தியேட்டரில் அதைச் சமாளித்துவிடலாம். டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் கண்ணாடி உண்டு. எல்லாரும் போட்டுக்கொண்டு, இருட்டில், ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஈட்டி பாய்ந்து வரும்போது மொத்தத் தியேட்டரும் ஒன்றாகத் தலையைக் குனியும். அந்தக் 'ஒன்றாக' என்பதுதான் பாதி சந்தோஷம்.

தோல் ஊர்களில் டிவி வந்த கதை

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி... பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களைத்தான் தோல் பகுதி என்கிறார்கள். 2019 வரை எல்லாமே ஒரே வேலூர் மாவட்டம். அந்த வருடம் நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன.

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. வேலூர் அங்கிருந்து சுமார் 140 கி.மீ. அப்போதெல்லாம் டிவி இருக்கும் வீட்டைத் தெருக்கோடியிலேயே கண்டுபிடித்துவிடலாம், கூரைக்கு மேல் அவ்வளவு உயரத்தில் ஆன்டெனா நிற்கும். 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் வந்தது. 1984-ல் நாடெங்கும் சின்னச் சின்ன ஒளிபரப்பு நிலையங்கள் வரிசையாகத் திறக்கப்பட்டு, பெருநகரங்களுக்கு வெளியேயும் படம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் 'நம்ம டிவி' என்று யாரும் சொன்னதில்லை, 'டிவிக்காரர் வீடு' என்றுதான் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிற்றுக்கிழமைப் படம், 1987-ல் தொடங்கிய ராமாயணம்... எதுவானாலும் ஒரு வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருக்கும். பெரியவர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை, இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு ஜன்னல் கம்பி. விசேஷ நாட்களில் காசு போட்டு 'டெக்' வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்ப்பதும் உண்டு.

பிறகு 1993-ல் சன் டிவி, கேபிள் என்று காலம் மாறியது. 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவசக் கலர் டிவித் திட்டம் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. 1854-ல் லண்டன் கம்பெனி விளம்பரத்தில் சொன்னதைத் தமிழ்நாடு டிவி விஷயத்தில் நிஜமாகவே செய்து காட்டியது என்று சொல்லலாம்.

சரி, அந்த 14 அங்குலப் பெட்டியை எப்படிப் பார்த்தார்கள்? இங்கேதான் தோல் பகுதியின் விசேஷம் வருகிறது.

இந்த ஊர்களில் வீடு என்பது பாதி வேலை செய்யும் இடம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் ஷூ அப்பர் தைக்கும் வேலை கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரும். தைத்த ஜோடிக்குத்தான் கூலி, அதுவும் மிகக் குறைந்த கூலி. குடியாத்தம், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்தில் பீடி. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு எண்ணிக்கைக் கணக்கில் சுற்ற வேண்டும். கை நின்றால் கூலி நிற்கும். அதனால் இந்தப் பெண்கள் டிவியைப் பார்த்ததை விட அதிகமாகக் *கேட்டார்கள்*. கண் ஊசியில் இருக்கும், காது சீரியலில் இருக்கும். மாமியார் குரல் உயர்ந்தால் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஊசிக்குத் திரும்புவார்கள். ஷூ கம்பெனிக்குப் போய்வருபவர்களும் அப்படித்தான். கம்பெனி பஸ்ஸில் சாயங்காலம் வந்து இறங்கியதும் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள். அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்துக் கதையைப் பிடித்துக்கொள்வார்கள்.

கண்ணாடியோடு வந்த டிவி

2009 டிசம்பரில் 'அவதார்' வெளியாகி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அடுத்த மாதமே லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் எல்லா டிவிக் கம்பெனிகளும் 3டி டிவியோடு வந்து நின்றன. 2010-லேயே சாம்சங், எல்ஜி, சோனி எல்லாம் இந்தியச் சந்தைக்கும் கொண்டுவந்தன. அதே வருடம் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தில் 25 ஆட்டங்கள் 3டி-யில் படமாக்கப்பட்டன.

இரண்டு வகை இருந்தன. ஒன்றில் டிவி இடது கண் படம், வலது கண் படம் என்று மாற்றி மாற்றிக் காட்டும். பேட்டரி போட்ட கண்ணாடி அதே வேகத்தில் ஒவ்வொரு கண்ணையும் நொடிக்கு 60 தடவை மூடித் திறக்கும். நமக்கு மூடுவது தெரியாது, ஆழம் மட்டும் தெரியும். இந்தக் கண்ணாடி ஒன்றே சில ஆயிரம் ரூபாய். இன்னொரு வகையில் தியேட்டர் போலவே சாதாரண போலராய்டு கண்ணாடி. மலிவு, பேட்டரி வேண்டாம். ஆனால் திரையின் வரிகளை இரண்டு கண்ணுக்கும் பங்கு போடுவதால் படத்தின் நுணுக்கம் கொஞ்சம் குறையும்.

பார்த்தவர்களுக்கு அது பொய்யான கவர்ச்சியாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கால்பந்து மைதானத்தில் எந்த ஆட்டக்காரர் முன்னால், எவர் பின்னால் என்று நிஜமாகவே தெரியும். கடலுக்கடியில் எடுத்த படத்தில் மீன் கூடத்துக்குள் நீந்தி வருவது போல இருக்கும். சின்னப் பிள்ளைகள் கையை நீட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி. நெருக்கமான சந்து வீட்டில் இருப்பவருக்கு அப்படி ஒரு ஜன்னல் மேல் ஆசை வருவதில் என்ன தப்பு?

எல்லாருக்கும் அந்த ஜன்னல் திறக்கவில்லை என்பது வேறு விஷயம். சின்ன வயதில் கவனிக்காமல் விட்ட 'சோம்பல் கண்' உள்ளவர்களுக்கு 3டி தெரியாது, வெறும் மங்கலான படம்தான். 'எல்லாருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை' என்பதிலிருந்து கண் கோளாறு வெளிப்படவும் வாய்ப்பு உண்டு. 1902-ல் ஐடா ஸ்கடர் வேலூரில் கட்டிய ஷெல் ஆஸ்பத்திரி, பின்னாளில் சி.எம்.சி.யின் கண் ஆஸ்பத்திரியாகப் பெயர் பெற்றது. கண் விஷயத்தில் அந்த ஊர் கொடுத்து வைத்த ஊர்!

ஏன் ஒட்டவில்லை?

முதல் காரணம் விலை. 2010-ல் நல்ல 3டி டிவி ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆனால் தோல் ஏற்றுமதியில் காசு பார்த்த வீடுகள் இந்தப் பகுதியில் இல்லாமல் இல்லை. விலையும் வருடா வருடம் இறங்கியது. அதனால் விலை மட்டும் காரணமாகாது.

இரண்டாவது, பார்க்க என்ன இருந்தது? தமிழில் 3டி-யில் ஒரு சீரியல் உண்டா, ஒரு நியூஸ் உண்டா? 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி வந்தது. அது பழைய அனலாக் கேபிள். அதில் 3டி வர வழியே இல்லை. 2டி படத்தை 3டி மாதிரி மாற்றிக் காட்டும் பட்டன் ரிமோட்டில் இருந்தது, ஒரு வாரம் அழுத்திப் பார்த்தால் சலித்துவிடும்.

மூன்றாவது காரணம் தமிழ்நாட்டுக்கே உரியது: கரண்ட். 3டி டிவி உச்சத்தில் இருந்த 2011, 2012, 2013 வருடங்கள்தான் தமிழகம் மின்வெட்டில் தவித்த வருடங்கள். சென்னையில் இரண்டு மணி நேரம் போனால், 2012 கடைசியில் வெளிமாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினாறு மணி நேரம் கூடப் போனது. ஃபேன் ஓடாத வீட்டில் யாருக்கு வேண்டும் மூன்றாவது பரிமாணம்?

ஆனால் இந்த மூன்றும் இல்லாமல் இருந்திருந்தாலும் நான்காவது காரணம் நின்றிருக்கும். கண்ணாடியை எண்ண வேண்டும் என்பதுதான் அது. பெட்டியோடு ஒன்றிரண்டு கண்ணாடி வரும். வீட்டில் ஆறு பேர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், திடீரென்று வந்த விருந்தாளி ஒருவர். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்பது? கண்ணாடி இல்லாதவருக்குத் திரையில் இரண்டு இரண்டாக, கலங்கலாகத்தான் தெரியும். ஒரு படத்தை எல்லாரும் பார்க்கிற இடத்தில், வியூ மாஸ்டர் சண்டை மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. வந்தவரை "உட்காருங்க" என்று சொல்லும் கூடத்தில், 'உங்களுக்குக் கண்ணாடி இல்லை' என்று சொல்வது எப்படி?

அப்பர் தைக்கும் பெண்ணுக்கோ அது கடைசி வரை பொருந்தாது. 3டி முழுக் கண்ணையும் கேட்கும். கண்ணாடியைப் போட்டால் அறையே இருட்டும், ஊசி முனை தெரியாது. கழற்றினால் படம் தெரியாது. தலையைச் சாய்த்தால் ஆழம் கலையும். பீடி சுற்றிக்கொண்டே, கீரை ஆய்ந்துகொண்டே, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பார்க்க முடியாத டிவி அது. இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடியவருக்காகச் செய்யப்பட்ட பெட்டி. இந்த வீடுகளில் அப்படி உட்காரக் கூடியவர்கள் பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும்தான். கையால் ஆழத்தை அளந்தே சம்பாதிக்கிறவருக்கு அந்த ஆழத்தைத் திரையில் பார்க்க நேரம் இல்லை.

முடிவுரை

இது ஆம்பூருக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜனங்கள் வீட்டில் வேறு வேலை செய்துகொண்டேதான் டிவி பார்க்கிறார்கள், அவர்களுக்கும் கண்ணாடி தொந்தரவுதான். 2013-ல் ஈஎஸ்பிஎன் தன் 3டி சேனலை மூடியது, பிபிசியும் 3டி தயாரிப்பை நிறுத்தியது. 2015-ல் பிரிட்டனின் ஸ்கை 3டி சேனல் போனது. 2016-ல் சாம்சங், 2017-ல் எல்ஜியும் சோனியும் 3டி டிவி செய்வதைக் கைவிட்டன. தியேட்டரில் மட்டும் 3டி தொடர்ந்தது. 2018-ல் ஷங்கரின் '2.0' நேரடியாக 3டி கேமராவிலேயே எடுக்கப்பட்டது. எல்லாருக்கும் கண்ணாடி கிடைக்கும் இடத்தில் 3டி பிழைத்துக்கொண்டது.

ஆனால் கதையில் ஒரு சின்னக் கசப்பு மிச்சம் இருக்கிறது. 3டி கண்ணாடி கூடத்தில் இருந்தவர்களைத் தனித்தனியாகப் பிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. 2016 செப்டம்பருக்குப் பிறகு மலிவான இன்டர்நெட்டோடு செல்போன் அதைச் சத்தமில்லாமல் செய்து முடித்துவிட்டது. இப்போது ஒரே கூடத்தில் நான்கு பேர், நான்கு திரை, நான்கு படம்.

அப்பர் தைப்பவரும் போனைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, சீரியலைக் கேட்டுக்கொண்டே தைக்கலாம். வேலைக்கு அது தோதானதுதான். என்ன, சீரியலில் மாமியார் குரல் உயரும்போது "பாத்தியாடி இவளை?" என்று கேட்க, அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவர் பக்கத்தில் இருப்பதில்லை.